ஸ்திரீகளும் சேனைத் தலைமையும்

படையை நடத்தும் யோக்கியதை ஸ்திரீகளுக்கு உண்டா என்னும் கேள்வியைச் சுதந்திர இந்தியாவின் உச்ச நியாயஸ்தலத்தில் 2020-ஆம் வருஷத்திலும் விவாதிக்க வேண்டியிருந்ததை நினைக்குந்தோறும் நமக்கு வெட்கமுண்டாகிறது. சிப்பாய்களிற் பெரும்பாலார் கிராமவாசிகள். ஸ்திரீ அதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிய அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு பிப்ரவரி 17-ந் தேதி அவ்வாதத்தைத் தள்ளிற்று. தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் அதற்கு வேண்டிய சாட்சியம் 1943-ஆம் வருஷத்திலேயே ஸித்தமாயிருந்தது.

சென்னையில் 1914-இல் பிறந்து, 1938-இல் சென்னை வைத்தியக் கலாசாலையில் பட்டம் பெற்றவர் டாக்டர் லக்ஷ்மி. 1940-இல் சிங்கப்பூர் சென்று வைத்தியத் தொழில் நடத்தினார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து, பெண்களைக் கொண்ட படையொன்று அமைக்க விரும்பியபோது, லக்ஷ்மி அதன் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-ந் தேதி பிரகடனமான ஆஸாத் ஹிந்த் சர்க்காரில் அவர் ஒருவரே ஸ்திரீ மந்திரி. மறுநாள் ஜான்ஸி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அப்படையில் சேர்ந்தவர் யாவர்? மலேயா ரப்பர்த் தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பலர். துப்பாக்கியைத் தொட்டறியாத அவர்கள் அணிவகுக்கவும் சுடவும் கட்டளைக்கு அடங்கவும் கற்றனர். கிராமத்து மனம் பக்குவப்படாது என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

பெண்களுக்குப் பெண் தலைமை தாங்குவது எளிதென்றும், அப்படை போர்முனையில் நின்று பொருதவில்லையென்றும் ஆட்சேபிக்கலாம். போர்முனைக்கு அனுப்பப்படாதது சேனையின் நிலைமையால் நேர்ந்தது. அவர்தம் கோழைத்தனத்தால் அன்று. 1945-இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நெடுந்தூரம் நடந்த அப்பெண்களின் கட்டுப்பாட்டைச் சரித்திரம் மறக்கவில்லை. கட்டளைக்குப் பணிவது பயிற்சியின் பயன். கட்டளையிடுவோர் ஆணா பெண்ணா என்பதற்கும் அதற்கும் ஸம்பந்தமில்லை.

சுதந்திரம் வந்தபின் இந்திய தேசிய ராணுவத்தார் நமது சேனையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. அவர்களோடு இம்முன்மாதிரியும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. வைத்தியம், தாதித் தொழில் நீங்கலான பிரிவுகளில் ஸ்திரீகள் அதிகாரிகளாக நுழைய 1992 வரை காத்திருக்க நேர்ந்தது. 2004-இல் லெப்டினன்ட் ஜெனரல் பதவியை முதன்முதல் எய்திய பெண்மணியான புனீதா அரோராவும் வைத்தியரே. காயத்துக்கு மருந்திடும் கையை நம்பினோம். சேனையை நடத்தும் கையை நம்பவில்லை.

லக்ஷ்மியோ பதவியை நாடவில்லை. கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்து, 2002-இல் ராஷ்டிரபதி தேர்தலில் நின்று, 2012 ஜூலை 23-ந் தேதி 97-வது வயதில் காலமானார்.

புதுவை வாசிகளுக்கு ராணுவம் புதிதன்று. பிரெஞ்சுப் படையில் சேவித்த 'சொல்தா' வீட்டுப் பெருமை நெல்லித்தோப்பிலும் அறிந்ததே. அந்நியக் கொடியின்கீழ்ப் புதல்வர்களை அனுப்பத் தயங்காத ஊர், சொந்தக் கொடியின்கீழ்ப் புதல்விகளை அனுப்பத் தயங்கலாகுமோ? தேசியப் பாதுகாப்புக் கலாசாலையின் கதவு 2022 முதல் பெண்களுக்கும் திறந்திருக்கிறது. தேசத் தொண்டர்கள் தம் வீட்டுப் பெண்களுக்கு அவ்வழியைக் காட்டுக. சர்க்காரும் எப்பதவிக்கும் தேக வலிமையையும் திறமையையும் சோதித்தறியட்டும். பெண் என்பதையே குறையாகக் கொள்ள வேண்டாம். அதுவே லக்ஷ்மிக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.