இறம்பொடையில் பிறந்த ராசம்மா



கண்டியிலிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறவர்கள் இறம்பொடையில் நீர்வீழ்ச்சி பார்க்க இறங்காமல் போவதில்லை. பாடசாலைச் சுற்றுலா பஸ்களும் அங்கேதான் நிற்கும். சிங்களத் திரையின் முதல் கதாநாயகி பிறந்த ஊர் அது என்று அந்த பஸ்களில் எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை.

ருக்மணி தேவியைத்தான் சொல்கிறோம். 1923 ஜனவரி 15இல் பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். தென்னிந்திய வேருள்ள கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம். சிங்களமா, தமிழா என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத வீடு. தமிழ் பேசியும் "நீங்க தமிழா?" என்ற கேள்விக்கு நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிற எங்களுக்கு அந்த நிலைமை புதிதல்ல.

பன்னிரண்டு வயதளவில் இராமாயண நாடகத்தில் சீதையாக மேடை ஏறினார். அந்தக் கால நாடகத்தில் பாட்டுத்தான் உயிர். பின்னால் நின்று பாட வேறு ஆள் கிடையாது, நடிக்கிறவர்தான் பாட வேண்டும். பெண் வேடத்தை ஆண்களே கட்டிய காலமும் அவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை. (ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் பெண் வேடம் பையன்களுக்குத்தான்.) பிறகு பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு. அவர்களுடைய 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரி 21இல் முதல் சிங்களப் பேசும் படமாக வந்தது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், எடுத்தது மதுரையில்!

அவர் பாடிய பௌத்த பக்திப் பாட்டை இன்றும் சிங்கள வீடுகளில் கேட்கலாம். வெசாக் காலத்தில் ஒலிக்கும் இன்னொரு குரல் எங்கட மொஹிதீன் பெய்க் உடையது. அவர் சேலத்தில் பிறந்த முஸ்லிம்.

இதைச் சொன்னால் "பார்த்தீர்களா, கலைக்கு இனம் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். நாங்கள் அவ்வளவு லேசாக முடிக்க விரும்பவில்லை. ராசம்மாவை ரசித்தவர்கள் அவரை ராசம்மாவாக ரசிக்கவில்லை. "மேடைப் பெயர்தானே, எல்லாரும் மாற்றுவார்கள்" என்று சொல்லலாம். ஆனால் ருக்மணி தேவி என்பதும் சிங்களப் பெயர் அல்லவே. கடலுக்கு அப்பால் இருந்து வந்தது போன்ற பெயருக்கு மேடையில் கவர்ச்சி இருந்தது. பக்கத்து மலையில் பிறந்த ராசம்மாவுக்கு அது இருக்கவில்லை.

1978 ஒக்டோபர் 28இல், மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எல துடெல்லவில் வாகன விபத்தில் மௌத்தானார். நாடே அழுதது. ஐந்து வருஷம் கழியவில்லை, 1983 ஜூலை வந்தது. அப்போது ராசம்மா என்ற பெயரோடு கொழும்பில் ஒரு வீட்டுக்குள் இருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது தெரிந்ததே. 2018 மார்ச்சில் திகனயில் எங்கட கடைகள் எரிந்ததையும் இந்த ஊர் பார்த்தது. பெய்க்கின் பாட்டு அந்த வருஷ வெசாக்கிலும் ஒலித்திருக்கும்.

அதனால்தான் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்கிறோம். சிங்களப் பாடத்தை சோதனைக்கும் கடைக்குப் பேசவும் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு, தன்னைப் போன்ற வீட்டில் பிறந்த ஒருவர் அந்த மொழியின் குரலாகவே ஆனார் என்று தெரியட்டும். அதற்காக அவர் எதை வெளியே விட்டு வந்தார் என்பதும் தெரியட்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது பாடம் அல்ல, விளம்பரம்.

இந்தத் தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு அவருடைய பாட்டுகளைப் போட்டுக் காட்டி, பெயரைப் பற்றிப் பேச வைக்க யோசித்திருக்கிறோம். வீட்டில் மூத்தவர்களிடம் பழைய இசைத்தட்டோ கெசட்டோ இருந்தால், அல்லது அவருடைய நாடகத்தையோ படத்தையோ பார்த்த ஞாபகம் இருந்தால், கீழே எழுதுங்கள். நாங்களே வந்து கேட்டுக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.