முகவீணைக்கும் ஒரு மேடை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர்களின் ராணுவ நிலவமைப்பு என்ற பெயரில் தேர்வான 12 கோட்டைகளுள் தமிழகத்தில் இருப்பது இது ஒன்றே. விழுப்புரம் மாவட்டத்துக்குப் பெருமைதான். கல்லுக்குக் கிடைத்த இந்த மதிப்பு அம்மண்ணின் ஒலிக்கும் கிடைக்குமா என்ற கேள்வி, திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் சென்றபோது எனக்குள் எழுந்தது. காதில் ஒலித்துக்கொண்டிருந்த இசையும் அதற்கு ஒரு காரணம்.

ஈரானைச் சேர்ந்த கய்ஹான் கல்ஹோரும் துருக்கியைச் சேர்ந்த எர்தால் எர்ஜின்ஜானும் இணைந்து வாசித்து, 2006இல் வெளியான ‘தி விண்ட்’ என்ற இசைத்தொகுப்பு அது. கல்ஹோர் வாசிப்பது கமாஞ்சே. உருண்டைக் குடத்தின் மேல் தோல் போர்த்திய வில்வாத்தியம். மடியில் நிமிர்த்திவைத்து, வில்லுக்கு ஏற்பக் கருவியையே திருப்பித் திருப்பி வாசிப்பார்கள். எர்ஜின்ஜான் மீட்டுவது பாக்லமா என்னும் நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவி. பன்னிரண்டு பகுதிகளில் ஒருவர் தொடங்கியதை மற்றவர் எங்கே கைக்கொள்கிறார் என்று பிரித்தறிவது எளிதன்று.

இத்தனைக்கும் இருவரின் இசையிலக்கணமும் ஒன்றல்ல. ‘சேகா’ என்ற பெயரில் ஈரானிலும் ஒரு பண் உண்டு, துருக்கியிலும் உண்டு. பெயர் ஒன்று, சுரங்களின் இடைவெளி வேறு. அந்த வேற்றுமையை மழுப்பாமல் இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டபின் பேசுகிறார்கள். நம் ஊரில் ‘ஃப்யூஷன்’ என்ற பெயரில் நடக்கும் கச்சேரிகள் பலவற்றில் நான் காணாதது இந்தக் கேட்கும் பொறுமையைத்தான்.

அரசியல் அவர்களுடைய முன்னோர்களை எதிரெதிரே நிறுத்தியிருந்தது. 1514ஆம் ஆண்டின் சால்திரான் போர் முதல் 1639ஆம் ஆண்டின் உடன்படிக்கை வரை, இடையிடையே அமைதி நிலவினாலும், ஒட்டோமான்களும் சஃபாவிகளும் ஓயாமல் மோதினார்கள். ஆனால், இன்றைய ஈரானில் உள்ள மராகாவில் பிறந்து 1435இல் ஹெராத்தில் மறைந்த அப்துல் காதிர் மராகியைத் துருக்கியர்கள் இன்றும் தங்கள் இசையின் மூதாதையாகவே போற்றுகிறார்கள்.

இதே கல்ஹோர், சிதார் கலைஞர் ஷுஜாத் கானுடனும் வாசித்திருக்கிறார். 2003இல் வெளியான ‘தி ரெயின்’ அதற்குச் சான்று. அப்படியானால், விழுப்புரம் மாவட்டத்திலிருந்து இந்த உரையாடலில் கலந்துகொள்ளக்கூடிய கருவி எது?

முகவீணை என்பேன். தெருக்கூத்தில் நடிகர் பாடி நிறுத்திய அடியை வாங்கி, அதே உச்சத்தில் நீட்டித் தரும் சிறிய குழல் அது. கூம்புக் குழலில் இரட்டைச் சீவாளி பொருத்தி ஊதும் இக்குடும்பம் அனடோலியா முதல் நம் ஊர் வரை பரந்து கிடக்கிறது: துருக்கியில் ஜுர்னா, ஈரானில் சோர்னா, வட இந்தியாவில் ஷெனாய், இங்கே நாகசுரமும் முகவீணையும். யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற வழக்கில் நான் இறங்கப்போவதில்லை. சொற்களும் இப்படித்தான் ஊர் சுற்றுகின்றன. திண்டிவனம் என்பது புளியங்காட்டைக் குறிக்கும் திந்திரிணிவனத்தின் திரிபு என்பர். அந்தப் புளிக்குத் துருக்கியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தெமிர்ஹிந்தி’. ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது.

செஞ்சி வட்டாரத்துக்கு இந்த அயல் உறவு புதிதுமன்று. இங்குள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர் காவல் தெய்வமாக நிற்கிறார். பாரதக் கூத்து நடப்பது அவர் காவல் காக்கும் அம்மனுக்காகத்தான்.

அந்தக் கூத்து மேடையிலேயே முகவீணையின் இடம் சுருங்கிவருகிறது. ஆர்மோனியம் கிடைப்பதும் எளிது, கற்பதும் எளிது. ஒரு கருவி பாட்டுக்குச் சுருதியும் துணையும் தந்துவிட்டால், ஊதுபவருக்குத் தனிச் சம்பளம் எதற்கு என்று குழுக்கள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால், இரு சுரங்களுக்கு இடையே குழைந்து செல்லும் ஒலி ஆர்மோனியக் கட்டைகளில் பிறக்காது. விழுப்புரம் அரசு இசைப்பள்ளியில் நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின் முதலியவற்றுக்குச் சான்றிதழ் வகுப்புகள் உண்டு, முகவீணைக்கு இல்லை. நாகசுரம் கற்ற மாணவர் ஒருவருக்கு முகவீணை கைவர நெடுங்காலம் ஆகாது. ஓர் ஆசிரியர் பணியிடம் போதும்.

பிற நாடுகள் எப்படிச் செய்கின்றன என்பதையும் பார்க்கலாம். கமாஞ்சேயை ஈரானும் அஜர்பைஜானும் சேர்ந்து 2017இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் ஏற்றின. மெய், பலபான் என்ற நாணல் குழல்களுக்காகத் துருக்கியும் அஜர்பைஜானும் 2023இல் அவ்வாறே இணைந்தன.

கமாஞ்சேயின் அருகில் முகவீணையை உட்காரவைக்கச் சொல்லவில்லை. அதன் மெல்லிய குரல் முகவீணையின் வீச்சில் காணாமலே போகும். திறந்தவெளிக் கருவிக்குத் திறந்தவெளித் துணைதான் பொருந்தும். செஞ்சியில் அரசு விழா எடுப்பதாக இருந்தால், ஜுர்னாவும் சோர்னாவும் முகவீணையும் கோட்டை அடிவாரத்தில் ஓரிரவு சேர்ந்து ஒலிக்கட்டும். விருந்தினர் கச்சேரிக்கு முன்பு பதினைந்து நிமிட ‘கிராமியக் கலை’யாக நம்மவரை நிறுத்திவிட்டு இறக்கிவிடும் வழக்கம் மட்டும் வேண்டாம், சம மேடை, சம நேரம், சம ஊதியம்.

அன்று செஞ்சி அருகே ஒரு கிராமத்தில், கூத்து தொடங்குமுன் சீவாளியை நாவில் நனைத்துக்கொண்டிருந்த முதிய முகவீணைக் கலைஞர் ஒருவருக்கு, என் கைப்பேசியில் துருக்கி ஜுர்னா ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். எந்த நாடு என்று கேட்கவில்லை. “மூச்சே விடாம ஊதறான். சீவாளி எந்த நாணல்ல கட்டறாங்க தம்பி, கேட்டுச் சொல்றியா?” என்றார்.