வெறும் காற்றுத்தானே!

பிளாஸ்டிக் குழாயில் சைக்கிள் பம்பால் காற்றடைத்து, உருளைக்கிழங்கைப் பறக்கவிடும் ‘காற்றுப் பீரங்கி’ செய்யச் சிறுவர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். “வெடிமருந்தா வைக்கிறோம்? வெறும் காற்றுத்தானே!” என்பது அவர்கள் வாதம். அந்த வெறும் காற்றைப் பற்றிச் சற்றே சிந்திப்போமா, தோழியரே?

முக்கூடலில் நம் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பி.வி.சி. குழாய், தண்ணீருக்கென்றே செய்யப்பட்டது. அழுத்தினாலும் தண்ணீர் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. குழாய் விரிந்தால் சிறிது நீர் பீறிட்டதும் அழுத்தம் தணிந்துவிடும். காற்றோ சுருங்கச் சுருங்க, வளைத்த வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்து வைக்கும். குழாய் உடைந்தால் அத்தனையும் நொடியில் வெளிப்பட்டு, குழாயே கூரிய சில்லுகளாய்ச் சிதறும். வெயிலில் கிடந்து வலுவிழந்த குழாய் இன்னும் எளிதில் நொறுங்கும்.

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் ‘கார்பைடு துப்பாக்கி’ என்னும் குழாய் வெடியால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமடைந்தனர்; அவர்களில் பலர் சிறுவர். அங்கே வெடித்தது எரிவாயு. ஆயினும் குழாயை விளையாட்டுத் துப்பாக்கியாக எண்ணிய அறியாமை ஒன்றே.

“தொடாதே!” என்று அதட்டினால் மட்டும் போதுமா? தம்பிமார் மறைவில் செய்வார்கள். பெற்றோர்களே, காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். அன்புச் சகோதரிகளே, ஊசி கழற்றிய சிரிஞ்சு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒருமுறை தண்ணீரும் ஒருமுறை காற்றும் நிரப்பி, முனையை விரலால் மூடி அழுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் அசையாது; காற்று சுருங்கி, விட்டதும் திருப்பித் தள்ளும். நூறு எச்சரிக்கை சொல்லாததை அந்த ஒரு விரல் சொல்லிவிடும்.