மூச்சும் முறையீடும்



கோவில்பட்டி என்றதும் வெளியூரார்க்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஹாக்கி ஆட்டமும் நினைவுக்கு வரும். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் குடியேறி வாழ்ந்த ஊர் இது என்பதை நம் வீட்டு இளையோருள் எத்தனை பேர் அறிவர்? 1921-ஆம் ஆண்டு தாமிரபரணிப் பாசனத்துச் சிற்றூரான காருகுறிச்சியில் பிறந்தவர். நெல் விளையும் ஈர மண்ணை விட்டு, பருத்தியும் கம்பும் உளுந்தும் வானத்தை நம்பி விளையும் இந்தக் கறுப்பு மண்ணைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1964-இல் மறைந்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவாக வாழ்ந்தார் என்று சொல்ல இயலாத குறுகிய ஆயுள்.

இந்தக் கரிசல் பூமியை வறண்ட பூமி என்பார்கள். மழைக்கணக்கில் அது மெய். காதின் கணக்கில் பொய். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான் சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். அதே எட்டயபுரத்தில்தான் 1835-இல் முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களைக் கழித்தார். சற்றுத் தள்ளி விளாத்திகுளத்தில், ஒரே இராகத்தை மணிக்கணக்காக விரித்துப் பாடிய விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். அவரிடம் இசை பயின்றவர்களுள் ஒருவர் இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். மழை தப்பினாலும் இவ்வூர்களில் பாட்டு தப்பவில்லை.

காருகுறிச்சியாரை நம்மில் பெரும்பாலோர் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) என்னும் திரைப்படத்தின் ஒரே பாடலால் மட்டும் அறிவோம். எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் எஸ். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் குழலும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் அப்பாடலின் பொருள் நம் நம்பிக்கைக்கு உரியதன்று. ஆயினும் ஒரு பெண்குரல் சென்ற இடமெல்லாம், மரத்தில் கடைந்த ஒரு குழல் எப்படித் தொடர்ந்து செல்ல முடிந்தது என்று வியக்காதவர் இல்லை. இவ்வியப்புக்கு விடை எளிது. நாதஸ்வரக்காரர் முதலில் வாய்ப்பாட்டுக் கற்பவர். சாகித்தியத்தின் சொற்களை மனத்தில் நிறுத்தி, எழுத்துக்கு எழுத்து நாவால் தட்டி, உதட்டாலும் மூச்சாலும் அழுத்தம் கொடுத்து ஊதுகிறார். விரல்துளைகளோ ஏழுதான். அவற்றை முழுதாக மூடியும் பாதியாக மூடியும் எல்லாச் சுரங்களையும் அவற்றின் இடைநெளிவுகளையும் வரவழைக்க வேண்டும். ஆச்சா மரத்துக் குழலும், வாயில் வைக்கும் புல்லால் ஆன சீவாளியும் கருவிகள் மட்டுமே, பாடுவது மூச்சு. இவருடைய ஆசான் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை, இராக ஆலாபனையை ஒரு தனிப் பேருரை போலவே நிகழ்த்தியவர். சொல்லே இல்லாமல் நெடுநேரம் ஒருவர் பேச முடியும் என்பதை அக்குருவும் சீடரும் மெய்ப்பித்தார்கள்.

இவ்வளவும் ஏன் கூறுகிறேன் எனில், சென்ற மாதம் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைமீது கிடக்கிறது. அவருடைய மகன் வெளியூரில் பொறியியல் படிப்பவன். அத்தா வஃபாத்தான பின்பு வீட்டுக்கு வந்தவன் யாரிடமும் பேசுவதில்லை. இரவெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு வெள்ளைக்கார நாட்டுக் குழலிசையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். பெரிய தகப்பனார் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தபோது, “அது துஆ, பெரியத்தா” என்று மட்டும் சொல்லி அழுதிருக்கிறான். ‘ஹழ்ரத், இது இசையா, நோயா, ஹராமா?’ என்று அத்தாய் கேட்கிறார்.

அவன் கேட்டது என்ன இசை என்பதையும் அவர் மகனிடம் விசாரித்து எழுதியிருந்தார். ஜான் கோல்ட்ரேன் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் ‘எ லவ் சுப்ரீம்’. ‘உன்னத அன்பு’ எனலாம். அறியாததைப் பற்றி எழுதுவது முறையன்று என்பதால் நானும் கேட்டேன். ஒரு முறையன்று, நான்கு முறை.

முதலில் அந்த மனிதரைப் பற்றி. 1926-இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். இரு பாட்டனார்களும் கிறித்தவப் போதகர்கள். சாக்ஸபோன் வாசிப்பதில் இளமையிலேயே பெயர் பெற்றவர், ஹெராயினுக்கும் மதுவுக்கும் அடிமையானார். அதனாலேயே 1957-இல், மைல்ஸ் டேவிஸ் என்னும் புகழ்மிக்க கலைஞரின் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் அவ்விரண்டையும் விட்டொழித்தார். இறையருளால் தமக்கு ஓர் ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதென்றும், இடையில் மனம் மீண்டும் தடுமாறியதென்றும், பின்பு திரும்பி வந்ததாகவும் இந்த இசைத்தட்டின் உறையில் அவரே எழுதினார். தௌபாவைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விழுவதையும் எழுவதையும் சொல்கிறோம். எழுந்தபின் மீண்டும் சறுக்குவதைச் சொல்லத் தயங்குகிறோம். அவர் தயங்கவில்லை.

அவருடைய முதல் மனைவி நயீமா ஒரு முஸ்லிம் பெண்மணி. 1955-இல் மணந்தார், அவர் பெயராலேயே ஓர் இசைப்படைப்பும் செய்தார். இந்த இசைத்தட்டில் பியானோ வாசித்த மெக்காய் டைனர் பதின்வயதின் முடிவில் இஸ்லாத்தைத் தழுவி சுலைமான் சவூத் என்று பெயர் பூண்டவர். அந்நாளைய ஜாஸ் கலைஞர்கள் பலர் இவ்வழியே வந்தனர். யூசுஃப் லத்தீஃப் அவர்களுள் ஒருவர். கோல்ட்ரேன் இஸ்லாத்தை ஏற்றார் என்று நான் கூறவில்லை, அவர் ஏற்கவில்லை. எல்லாச் சமயங்களையும் மதித்துப் படித்தவர். நம்மவர் சிலர் ஆர்வத்தால் அவரையும் நம் பட்டியலில் சேர்த்து எழுதுவதுண்டு. அது தேவையில்லாத ஆசை.

1964-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நியூயார்க்கை அடுத்த தம் வீட்டு மாடியில் சில நாள்கள் தனித்திருந்து இதனை அமைத்தார். அவர் கீழே இறங்கி வந்த காட்சி, மூஸா (அலை) அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்ததாக அவருடைய மனைவி ஆலிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள், நியூ ஜெர்சியிலுள்ள வான் கெல்டர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நால்வர் கூடி ஒரே அமர்வில் பதிவு செய்தனர். மொத்தம் முப்பத்து மூன்று நிமிடங்கள். நம் காருகுறிச்சியார் கண்மூடிய அதே ஆண்டு அது.

தொடக்கத்தில் ஒரு பெரிய வெண்கலத் தட்டின் ஒலி. பிறகு தாழ்ந்த தந்திக் கருவியில் நான்கே சுரங்களாலான ஒரு சிறு வாக்கியம். அவ்வளவுதான் விதை. முதற்பகுதி முழுதும் அந்நான்கு சுரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு கட்டத்தில் சாக்ஸபோன் அவற்றைப் பன்னிரண்டு சுருதிகளுக்கும் எடுத்துச் செல்கிறது, எந்த வாசலும் விட்டுப்போய்விடக் கூடாதென ஒவ்வொரு வீடாகத் தட்டுபவர் போல. அதன்பின்புதான் மனிதக்குரல் எழுந்து அந்தச் சுரங்களுக்கு உரிய சொற்களைப் பலமுறை ஓதுகிறது. முன்னரே கேட்டுப் பழகிய ஓசைக்குப் பொருள் பின்னரே தெரிகிறது. குழந்தைக்கு ஓத வைத்துப் பொருளைப் பிற்காலத்தில் சொல்லும் நம் மதரஸா முறை எனக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டாம் மூன்றாம் பகுதிகள் வேகமும் ஆரவாரமும் கொண்டவை. பழகாத காதுக்கு இரைச்சலாகவே படும். எனக்கும் முதல் இருமுறை அவ்வாறே பட்டது. எல்வின் ஜோன்ஸின் தாள வாத்தியம் தனியாக எழும் இடம் மட்டும், கல்யாண ஊர்வலத்தில் தவில்காரர் தனியாவர்த்தனம் வாசிக்கையில் பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பார்களே, அத்தகையது.

நான்காம் பகுதிதான் உயிர். தாளக்கட்டு நின்றுவிடுகிறது. தொலைவில் இடி உருள்வதுபோல் பேரிகை முழங்க, சாக்ஸபோன் மட்டும் மெல்ல நடக்கிறது. பலகாலம் கேட்போர் அதனை ஓர் ஆலாபனை என்றே எண்ணினர். உண்மையில் கோல்ட்ரேன் தாம் எழுதி உறையில் அச்சிட்ட இறைத்துதிக் கவிதையை, எழுத்துக்கு எழுத்து, குழலால் வாசித்துக்கொண்டிருக்கிறார்! வாய் திறந்து ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் அருளையும் கருணையையும் போற்றி, அவனுக்கு மீண்டும் மீண்டும் நன்றி கூறும் அடிகள் அவை. பிஸ்மில்லாஹ்வில் நாம் நாள்தோறும் ஓதும் அவ்விரு திருப்பண்புகளின் சாயலை அங்குக் காணும்போது ஒரு முஸ்லிமின் உள்ளம் அசையாதிருக்க முடியாது. நாதஸ்வரக்காரர் சாகித்தியத்தை மனத்தில் வைத்து ஊதுவதும் இதுவும் ஒரே கலைதான். கரிசலிலே கற்ற காது இதற்கு அந்நியமானதன்று.

இனி அத்தாயின் கேள்வி. இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே நெடுங்கால வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் கடுமையாகவே கூறியுள்ளனர். ஃபத்வா வழங்க இப்பகுதி இடமுமன்று, நான் அதற்குரியவனுமல்லன். ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் ‘சமாஃ’ பற்றித் தனிப் பாடமே எழுதியுள்ளார்கள். அதில் குழல்களையும் நரம்புக் கருவிகளையும் விலக்கியே வைக்கிறார்கள். காரணம் கூறும்போது, அவை குடிகாரர்களின் அடையாளமாகிவிட்டன என்கிறார்கள். ஓசை இனிமையாயிருப்பதைக் குற்றமாக அவர்கள் கருதவில்லை. இடையர்கள் ஊதும் ‘ஷாஹீன்’ என்னும் குழலை அனுமதிக்கவும் செய்கிறார்கள். ஆக, கருவி யாருடைய கையில், எந்த அவையில் இருக்கிறது என்பதே அவர்களுடைய கவலை. மது விடுதிகளிலே வளர்ந்த ஒரு குழலை, மதுவை விட்டொழித்த ஒருவர் அந்த விடுதலைக்கான நன்றியாக ஊதினால் அது எந்தப் பக்கம் சேரும்? இமாமவர்களின் அளவுகோலை வைத்தே இக்கேள்வியைக் கேட்கிறேன். விடையை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

இன்னொன்று. விலக்கப்பட்ட குழலுக்கு அரபியில் ‘மிஸ்மார்’ என்று பெயர், பன்மை ‘மஸாமீர்’. அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் குர்ஆன் ஓதும் இனிமையைப் பாராட்டிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூத் (அலை) குடும்பத்தாரின் மிஸ்மார் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டுள்ளதாகக் கூறியதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். அங்கு அச்சொல் குரலைக் குறித்த உவமை என்பது தெளிவு. தாவூத் (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களையும் அரபுக் கிறித்தவர்கள் ‘மஸாமீர்’ என்றே அழைக்கின்றனர். கோல்ட்ரேன் தமது நான்காம் பகுதிக்கு இட்ட பெயர் அப்பாடல்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். சான் பிரான்சிஸ்கோ நகரில் கோல்ட்ரேனைப் புனிதராகவே போற்றும் ஒரு தேவாலயம் தோன்றியது. நன்றி சொன்னவனை நன்றிக்குரியவனாக்கிவிடும் அந்தத் தவறு நமக்கும் புதிதன்று. குர்ஆனை ஓதுவதை இசையோடு ஒப்பிடுவதும் அடுக்காது. தஜ்வீது வேறு, இராகம் வேறு.

குழலூதுவது நம் சமுதாயத்துக்கு ஒவ்வாத தொழில் என்று எண்ணுவோர் ஷேக் சின்ன மௌலானா அவர்களை நினைக்கட்டும். 1924-இல் ஆந்திராவின் கரவதி என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்துத் தஞ்சை பாணியைத் தேடித் தமிழகம் வந்தார், திருவரங்கத்தில் குடியேறினார். 1977-இல் பத்மஸ்ரீ, 1998-இல் சங்கீத கலாநிதி. 1999-இல் மறையும்வரை அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார். கோயில் வாசலில் அவருடைய குழலை யாரும் மதம் கேட்டு நிறுத்தவில்லை. அவருக்கும் காருகுறிச்சியாருக்கும் ஆதர்சம் ஒருவரே. வடக்கே பிஸ்மில்லாஹ் கான், முஹர்ரம் நாள்களில் கர்பலாத் துயரை ஷெனாயில் ஊதியபடி காசித் தெருக்களில் நடந்தவர்.

அத்தாய்க்கு நான் எழுதியது இதுதான்: மகனின் கைப்பேசியைத் திருப்பிக் கொடுங்கள். ஜமாஅத்தும் பாடமும் உறக்கமும் தவறும் அளவுக்குப் போனால் கண்டியுங்கள். அது எந்த இசைக்கும் பொருந்தும். அத்தாவை இழந்த பிள்ளைக்கு யாஸீன் ஓதவும் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அவன் பேச மறுக்கும் மொழியில் அந்தக் குழல் பேசுகிறது. ஆகவே ஒருநாள் இஷாவுக்குப் பின் நீங்களும் அவனுடன் அமர்ந்து அந்த நான்காம் பகுதியை மட்டும் கேளுங்கள். ஏழு நிமிடம்தான். அந்தக் கவிதையை ஒரு தாளில் எழுதி, தமிழில் பொருள் சொல்லும்படி அவனிடம் கேளுங்கள். எந்தச் சொல்லில் குழல் நிற்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவான்.