மயிலைத் தோழர்களே, சங்கிலியைக் கையில் எடுங்கள்!

மாட வீதிக்காரர்களே, மந்தைவெளி, லஸ், சாந்தோம் பக்கத்துத் தோழர்களே! வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் பெற 2025 நவம்பர் 24 என்றிருந்த கெடுவைச் சென்னை மாநகராட்சி டிசம்பர் 7-க்குத் தள்ளியது. இன்னொரு முறையும் தள்ளுவார்கள் என்று சாய்வு நாற்காலியில் கிடப்பவர்கள் முதலில் எழுந்திருங்கள். தள்ளினாலும் சரி, தள்ளாவிட்டாலும் சரி, கேட் திறந்திருந்தால் ஓடிப்போகிற நாய் கெடு பார்த்து ஓடுவதில்லை.

உரிமம் 50 ரூபாய். மாநகராட்சி மையத்தில் சிப்பும் ரேபிஸ் ஊசியும் இலவசம். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000. இந்தக் கணக்கைக் காட்டி உங்களைக் கூப்பிட எனக்கு மனமில்லை. அபராதத்துக்குப் பயந்து வருகிறவர் ரசீதை வாங்கிக்கொண்டு அன்றோடு மறந்துவிடுவார். நான் கேட்பது வேறு. இந்த நாய் என்னுடையது, அது செய்வதற்கும் அதற்கு நேர்வதற்கும் நான்தான் பொறுப்பு என்று ஊரறியக் கையெழுத்துப் போட வாருங்கள்.

அந்தக் கையெழுத்தை ஊர் நம்மிடம் கேட்கத் தொடங்கி நாளாயிற்று. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவிலேயே இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒரு மனிதரின் உயிரே போனது. அன்றிலிருந்து, பரம சாதுவான நாட்டு நாயோடு நாகேஸ்வர ராவ் பூங்கா வாசலைக் கடந்தாலும் எதிரில் வருகிறவர் பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். அவரைக் கோபிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நம் பெயர் எழுதிய ஒரு காகிதம்கூட நம்மிடம் இல்லையே.

சிப் என்றதும் பயப்படுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அரிசி அளவுக் கண்ணாடிக் குப்பி, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது, நீங்கள் நாயை எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று யாரும் பார்க்க முடியாது. மருத்துவர் முதலில் உறையோடு அதை ஸ்கேனரில் காட்டுவார். திரையில் 15 இலக்க எண் வரும். உறையில் உள்ள ஸ்டிக்கரும் அதே எண்தானா என்று நீங்களும் எட்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். பிறகு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியை இறக்குவார். தடுப்பூசி ஊசியைவிடச் சற்றுத் தடிமனானது. நாய் ஒரு தரம் 'வீல்' என்று கத்தலாம், பிஸ்கட்டைப் பார்த்ததும் மறந்துவிடும். மறுபடி ஸ்கேனரை முதுகில் ஓட்டி அதே எண் வருகிறதா என்று பார்ப்பார். மிச்ச ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். கென்னல் கிளப் பதிவுக்காக ஏற்கெனவே சிப் போட்ட நாய்க்கு இரண்டாவது குத்தல் வேண்டாம், அந்த எண்ணையே பதிந்தால் போதும்.

சிப் இருந்தால் என்ன பயன்? தீபாவளி வெடிக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய் எத்தனை? லஸ் முனையில் கம்பத்துக்குக் கம்பம் 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டியதை மறந்துவிட்டோமா? 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கழுத்துப்பட்டை அவிழ்ந்து போனவை யார் வீட்டு நாய்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டை அவிழும், சிப் அவிழாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைச் சும்மா விடக் கூடாது. பனிப்பிரதேச ஹஸ்கியைச் சென்னை வெயிலுக்கு இழுத்து வந்து, குட்டி வளர்ந்ததும் பெசன்ட் நகர் கடற்கரையில் இறக்கிவிட்டுக் காரைக் கிளப்புகிறவர்கள். குட்டி ஈன்று ஈன்று ஓய்ந்த தாயைத் தெருவில் தள்ளுகிற வியாபாரிகள். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது, சிப் இருக்க வேண்டும் என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. குட்டி வாங்கப் போகும் தோழரே, சிப் எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள்.

வாடகை வீட்டுத் தோழர்களின் தயக்கம் எனக்குத் தெரியும். பதிந்தால் ஹவுஸ் ஓனர் காதுக்குப் போகுமே, அசோசியேஷன் சண்டைக்கு வருமே என்கிறீர்கள். குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. கையில் உரிமம் உள்ளவர் அதைக் காட்டி வாதாடலாம். ஒளித்து வளர்க்கிறவர் எதைக் காட்டுவார்?

நாம் செய்வதைச் செய்துவிட்டு மாநகராட்சியையும் கேட்போம். ஸ்கேனர் இல்லாத ஊரில் சிப் வெறும் கண்ணாடித் துண்டு. மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் காவல் நிலையங்களிலும் தனியார் கிளினிக்குகளிலும் ஸ்கேனர் வேண்டும். வீடு மாறினால், போன் எண் மாறினால், நாய் கைமாறினால் அன்றே திருத்த வழி வேண்டும். கேட்டால் கிடைக்குமா என்று சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில், பிடித்த தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற மாநகராட்சி இது. அதே மாநகராட்சி, 1964-லிருந்து விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் விடாமல் சொல்லிவந்த நாய்க் கருத்தடைத் திட்டத்தை 1996-ல் இதே தென் சென்னையில்தான் தொடங்கியது. முப்பத்திரண்டு வருஷம் வாயை மூடாமல் இருந்தவர்களால் நடந்தது அது. நமக்கு அத்தனை காலம் தேவைப்படாது, ஆனால் இன்றே தொடங்க வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லஸ் சர்ச் ரோட்டில், நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வெளியே கூடுவோம். அங்கிருந்து ராயப்பேட்டை ஹைரோடு வழியாக நடந்தே லாயிட்ஸ் காலனியில் உள்ள மாநகராட்சி மையம். தி. நகர், அடையாறு தோழர்களுக்குக் கண்ணம்மாபேட்டை மையம் பக்கம். ஆதார், உங்கள் போட்டோ, நாயின் போட்டோ, தடுப்பூசிப் புத்தகம் எடுத்து வாருங்கள். மூன்று மாதம் ஆன குட்டிகளையும் கொண்டு வாருங்கள், ரேபிஸ் ஊசியும் அதோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு மாமியால் நாயை இழுத்துக்கொண்டு நடக்க முடியாதென்றால் மாமிக்கும் நாய்க்கும் சேர்த்து ஆட்டோ பிடியுங்கள். தெருமுனை இஸ்திரிக்காரர் வளர்க்கிற கறுப்பனுக்கு ஆன்லைன் விண்ணப்பத்தை நீங்களே போட்டுக்கொடுங்கள். வரிசை நீளமாகத்தான் இருக்கும். தண்ணீர்க் கிண்ணம், வாய்மூடி, சங்கிலி, கழிவை அள்ள ஒரு பழைய பேப்பர், நாலும் கையில் இருக்கட்டும்.