வதந்தியை விற்பவர்களும் விலை கொடுப்பவர்களும்

“விளையாட்டைப் பற்றிய பேச்சுதானே, இதனால் யாருக்கு என்ன நட்டம்?” வதந்தியைக் கண்டித்துப் பேசும்போதெல்லாம் நம் காதில் விழும் கேள்வி இது. யாரோ ஒரு பயிற்சியாளர் வேலை மாறப்போகிறாராம். அவருடைய குடும்பம் புதிய ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாம். பல்கலைக்கழகத்தின் தனி விமானம் நேற்றிரவு அந்த ஊரில் இறங்கியதாம். ‘ஆம்’ என்ற ஒற்றை விகுதியின் மேல் கட்டப்பட்ட இத்தகைய செய்திகளைப் படிப்பதும் பிறருக்கு அனுப்புவதும் குற்றமற்ற பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. இந்தப் பொழுதுபோக்கால் கொழுப்பவர்கள் சிலர், அதற்கு விலை கொடுப்பவர்கள் வேறு சிலர் என்பதை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலகிலிருந்து எடுத்துக் காட்ட விரும்புகிறோம். நம் பிள்ளைகளில் சிலர் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். படிக்காதவர்களின் கைபேசிக்கும் அந்த இரைச்சல் வந்து சேர்ந்துவிடுகிறது.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அங்கே கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த பந்தாட்டத்தை அன்று. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, இருமுனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, எதிரியை மோதி வீழ்த்துகிற ஆட்டம் அது. ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களைப் பார்க்க ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகள் நிரம்புகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பணியாளர்களிலேயே மிக அதிக ஊதியம் பெறுபவர் ஆளுநரோ தலைமை நீதிபதியோ அல்லர். பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். வழக்கமான ஆட்டங்கள் நவம்பர் இறுதியில் முடியும். தோற்றவர்களை நீக்குவதும் வென்றவர்களை அடுத்த வீட்டிலிருந்து கவர்ந்து வருவதும் அந்தக் காலத்தை ஒட்டியே நடக்கின்றன. வதந்திக்கும் அதுவே அறுவடைக் காலம்.

2017ஆம் ஆண்டு டென்னசி பல்கலைக்கழகம் ஒரு தலைமைப் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பதவி காலியாகும் போதெல்லாம் ஜான் க்ரூடன் என்ற புகழ்பெற்ற முன்னாள் பயிற்சியாளர் வரப்போகிறார் என்ற பேச்சு கிளம்புவது வழக்கம். அம்முறையும் கிளம்பியது. அவர் வரவில்லை. நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அப்போது ஒஹாயோ ஸ்டேட் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்த கிரெக் ஷியானோவை டென்னசி நியமிக்கப்போகிறது என்ற செய்தி வெளியானது. சில மணி நேரத்தில் நாக்ஸ்வில் நகரம் கொதித்தது. மாணவர்கள் வண்ணம் தீட்டி எழுதும் பாறை ஒன்று வளாகத்தில் உண்டு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை ஷியானோ மூடி மறைத்தார் என்று அந்தப் பாறையின்மீது எழுதினார்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரும் எதிர்ப்புக் குரலில் சேர்ந்துகொண்டார்கள். அன்று மாலைக்குள் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. காலையில் வேலை, மாலையில் பழி.

இந்தப் பழி எங்கிருந்து வந்தது? நம் மதரஸாக்களில் ஹதீஸ் பாடம் தொடங்கும்போதே மாணவர்களிடம் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், அவர் நேரில் கண்டாரா? ஷியானோ விஷயத்தில் அறிவிப்பாளர் வரிசை இதுதான். பென் ஸ்டேட்டின் முன்னாள் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைச் சீரழித்த குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர். அவர் தொடர்பான ஒரு வழக்கில் மைக் மெக்வியரி என்பவர் வாக்குமூலம் அளித்தார். ஷியானோ ஏதோ கண்டதாக டாம் பிராட்லி என்ற மற்றொரு பயிற்சியாளர் தம்மிடம் கூறினார் என்பது அதில் ஒரு பகுதி. மெக்வியரி எதையும் ஷியானோவிடமிருந்து நேரில் கேட்கவில்லை. ‘நான் அப்படி எதுவும் பார்க்கவில்லை’ என்று மறுத்தார் ஷியானோ. நடுவில் இருந்த பிராட்லியும் மறுத்தார். ஆக, சொன்னதாகச் சொல்லப்பட்டவரும் மறுக்கிறார், கண்டதாகச் சொல்லப்பட்டவரும் மறுக்கிறார். ஷியானோமீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. இப்படி நடுவில் அறுந்த ஒரு வரிசையை நம் முதலாண்டு மாணவன்கூட ஓரமாக எடுத்து வைப்பான். ஒரு பல்கலைக்கழகமே அதைப் பாறையில் எழுதியது.

“சிறுவர்களின் பாதுகாப்பு தொடர்பான விஷயத்தில் சந்தேகத்தின் நிழலே போதாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதைத் தட்டிக் கழிக்க மாட்டோம். அத்தகைய குற்றச்சாட்டு எழுந்தால் விசாரிக்க வேண்டும், விடாமல் விசாரிக்க வேண்டும். ஆனால் அந்த வாக்குமூலம் 2016 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. ஷியானோவை நியமிக்க எண்ணிய நிர்வாகம் அதைப் பற்றி என்ன விசாரித்தோம், என்ன கண்டோம் என்று தன் மக்களிடம் நியமனத்தோடு சேர்த்தே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாமல் விட்டது அவர்கள் தவறு. மக்களின் தவறு வேறு. முந்தைய ஒன்றரை ஆண்டுகள் அவர் ஒஹாயோவில் பணிபுரிந்தபோது நாக்ஸ்வில்லில் யாருக்கும் எழாத அறச்சீற்றம், அவர் தங்கள் அணிக்கு வரப்போகிறார் என்றதும் எழுந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் அவருடைய கணக்கு 11 வெற்றி, 21 தோல்வி. க்ரூடனைக் கனவு கண்டவர்களுக்கு அந்தக் கணக்கு கசந்தது என்பதே நம் மதிப்பீடு. கசப்பைக் கசப்பென்று சொல்லியிருந்தால் அது கருத்து. ஒரு மனிதரின் மானத்தை அதற்குக் கருவியாக்கியதுதான் அவதூறு.

கூட்டம் வென்றது என்று அன்று கொண்டாடினார்கள். டிசம்பர் 1ஆம் தேதி விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரியும் ஓரங்கட்டப்பட்டார். சில நாட்களில் ஜெரமி ப்ரூயிட் நியமிக்கப்பட்டார். யாரும் பாறையில் எதுவும் எழுதவில்லை. அவர் 2021 ஜனவரியில் விதிமீறல்களுக்காக நீக்கப்பட்டார். மாணவர் சேர்க்கையில் இருநூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்கள் நடந்ததாகக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2023இல் தீர்ப்பளித்து, பல்கலைக்கழகத்திற்கு 80 லட்சம் டாலருக்கும் மேல் அபராதம் விதித்தது. ஷியானோவோ 2019 டிசம்பரில் தம் பழைய பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதியவர்களும் பகிர்ந்தவர்களும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவா போகிறார்கள்?

இனி, வதந்தியை மறுப்பவர்களைப் பார்ப்போம். அவர்களும் தூயவர்கள் அல்லர். 2006 டிசம்பரில் நிக் சேபன் மயாமி அணியின் பயிற்சியாளர். அலபாமாவுக்குப் போகப்போவதில்லை என்று செய்தியாளர்களிடம் அடித்துச் சொன்னார். இரண்டே வாரத்தில், 2007 ஜனவரி தொடக்கத்தில், அலபாமாவின் பயிற்சியாளரானார். இது வெளிப்படையான வாக்குமாற்றம். லிங்கன் ரைலியின் வழி நுட்பமானது. 2021 நவம்பர் 27 அன்று ஓக்லஹோமாவின் பயிற்சியாளராக நின்றுகொண்டு, லூசியானா ஸ்டேட்டின் அடுத்த பயிற்சியாளர் தாம் இல்லை என்றார். அது முழு உண்மை. மறுநாள் அவர் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திற்குப் போனார்! சொல் பொய்யாகாமல் கேட்பவரைத் தவறாக எண்ண வைக்கும் பேச்சுக்கு மார்க்க நூல்களில் தவ்ரியா என்று பெயர். அநீதியிலிருந்து தப்பிக்கும் நெருக்கடியில் அதற்கு இடமுண்டு என்பார்கள் அறிஞர்கள். தன்னை நம்பி அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த இளைஞர்களை இன்னும் ஒரு நாள் இருட்டில் வைப்பதற்கு அதைப் பயன்படுத்தலாமா?

பயிற்சியாளர்களே இப்படிப் பேசும்போது மக்கள் வதந்தியை நம்பாமல் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். அதுதான் இந்தச் சந்தையின் தந்திரமே. உண்மை பேச வேண்டியவர் மழுப்புகிறார்; அந்த இடைவெளியில் முகவரின் சரக்கு விற்பனையாகிறது. பயிற்சியாளருக்கு முகவர் உண்டு. ஒரு பெயர் ஒரு காலியிடத்தோடு சேர்த்துப் பேசப்பட்டால், அந்தப் பெயருக்குரியவரின் விலை அவர் இருக்கும் இடத்திலேயே ஏறிவிடும்.

ரைலி இடம் மாறிய அதே 2021 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். தெற்குக் கலிஃபோர்னியாவும் லூசியானா ஸ்டேட்டும் ஆள் தேடின. பென் ஸ்டேட்டின் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின், மிச்சிகன் ஸ்டேட்டின் மெல் டக்கர் ஆகிய பெயர்கள் அடிபட்டன. இருவரும் எங்கும் போகவில்லை. ஆனால் ஒரே வாரத்திற்குள் ஃப்ராங்க்ளினுக்குப் பத்தாண்டு ஒப்பந்தம், டக்கருக்கும் பத்தாண்டு ஒப்பந்தம், டக்கருடையது 9.5 கோடி டாலர். விமானத்தின் பாதையைக் கணினியில் பின்தொடர்ந்து, ‘இறங்கிவிட்டது, இறங்கிவிட்டது’ என்று நள்ளிரவில் பரப்பிய ரசிகர்கள் யாருக்காக உழைத்தார்கள் என்று இப்போது புரிகிறதா? கூலியும் இல்லாத உழைப்பு.

அந்தக் கணக்கு அதோடு முடிவதில்லை. 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் ஃப்ராங்க்ளினை நீக்கியபோது அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 4.9 கோடி டாலர். அவர் விரைவிலேயே வர்ஜீனியா டெக்கில் வேலை பெற்றதால் அது பெருமளவு குறைந்தது. அதே மாதம் லூசியானா ஸ்டேட் பிரையன் கெல்லியை நீக்கியது. அவருக்குரிய தொகை ஏறத்தாழ 5.4 கோடி. 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.6 கோடிக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கான ஊதியம் இது! “அது நன்கொடையாளர் பணம், மக்களின் வரிப்பணம் அன்று” என்று நிர்வாகிகள் சமாதானம் சொல்கிறார்கள். நன்கொடை மட்டும் யாருடைய பெயரால் வந்தது? பல்கலைக்கழகத்தின் பெயரால் கொடுக்கப்பட்டது அமானிதம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுத்தவர் வசதி படைத்தவர் என்பதற்காகப் பொறுப்பாளர் கைவிரித்துச் செலவழிக்க முடியாது.

பணத்தைவிட நம்மை உறுத்துவது அந்தப் பிள்ளைகளின் நிலை. பதினேழு பதினெட்டு வயது மாணவனின் வீட்டுக்குப் பயிற்சியாளர் வருகிறார். அவனுடைய தாயின் எதிரே அமர்ந்து, உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அந்தச் சொல்லை நம்பித்தான் பையன் கையெழுத்திடுகிறான். 2025இல் மிசிசிப்பி பல்கலைக்கழக அணி 11 வெற்றி, ஒரே தோல்வி என்ற கணக்கோடு, தன் வரலாற்றிலேயே முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிக்கட்டப் போட்டிக்குத் தகுதி பெறும் நிலையில் இருந்தது. அந்த வாரங்களில் ஆட்டத்தைப் பற்றி யார் பேசினார்கள்? பயிற்சியாளர் லேன் கிஃபின் ஃப்ளோரிடாவுக்குப் போவாரா, லூசியானா ஸ்டேட்டுக்குப் போவாரா என்பதே பேச்சு. நவம்பர் 30 அன்று அவர் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார்: ஏழு ஆண்டுகள், ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர். புதிய மாணவர்கள் கையெழுத்திட வேண்டிய நாள் டிசம்பர் 3. இடையில் மூன்றே நாட்கள். எஞ்சிய போட்டிகளுக்கும் தாமே பயிற்சியளிக்க விரும்பினார் கிஃபின், மிசிசிப்பி மறுத்துவிட்டது. அந்த மறுப்பு சரியென்றே சொல்வோம். அணி அவரில்லாமல், துணைப் பயிற்சியாளராக இருந்த பீட் கோல்டிங்கின் தலைமையில் அரையிறுதிவரை சென்றது.

“வீரர்களும் இப்போது விருப்பம்போல் இடம் மாறுகிறார்கள், 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களிடமிருந்தே நேரடியாகப் பணமும் பெறுகிறார்கள், அவர்களுக்கு மட்டும் ஏன் பரிவு?” என்பாரும் உண்டு. பதினெட்டு வயதுப் பையனையும் ஐம்பது வயது மனிதரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் இவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்ல? பெரியவர் செய்வதைப் பார்த்தே சிறியவன் கற்றான். கிஃபின் டென்னசியிலும் ஒரே ஒரு பருவம் பணியாற்றிவிட்டு 2010 ஜனவரியில் கிளம்பியவர்தான். அப்போது நாக்ஸ்வில் மாணவர்கள் தெருவில் மெத்தையைக் கொளுத்தினார்கள். கொளுத்தியும் என்ன பயன்? அடுத்த பருவத்தில் அதே வதந்தி, அதே விமானம்.

இரகசியமாகத் தேடுவது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலையில் இருக்கும் ஒருவரிடம் பேச்சு நடத்தும்போது அடக்கம் வேண்டும். பேச்சு முறிந்தால் அவர் பிழைப்புக்குக் கேடு வரக்கூடாது. ஆனால் அடக்கம் என்பது விசாரிக்காமல் இருப்பதற்குச் சாக்கு அன்று. ஆள் தேடித்தரும் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், வேட்பாளரின் முகவர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய எளிய கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். 2001 டிசம்பர் 9 அன்று நோட்ர டேம் பல்கலைக்கழகம் ஜார்ஜ் ஓ’லியரியை நியமித்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக அணியில் மூன்று ஆண்டுகள் சிறப்புற ஆடியவர், முதுகலைப் பட்டம் பெற்றவர் என்று அவருடைய தகுதிக் குறிப்பு சொன்னது. அவர் அங்கே ஓர் ஆட்டத்திலும் ஆடியிருக்கவில்லை. முதுகலைப் பட்டமும் பெற்றிருக்கவில்லை. ஒரு வாரம் முடிவதற்குள் பதவி விலகினார். இதைக் கண்டுபிடித்தது பல்கலைக்கழகம் அன்று, இரவெல்லாம் விமானத்தைத் தேடிய ரசிகர்களும் அன்று. அவரைப் பாராட்டி ஒரு செய்தி எழுத எண்ணிய நியூ ஹாம்ப்ஷயர் செய்தியாளர் ஒருவர், பழைய நினைவுகளைக் கேட்பதற்காக அந்தக் கால ஆட்டக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்தார். அப்படி ஒருவர் தங்களோடு ஆடியதாக அவர்களுக்கு நினைவில்லை.