தூது இரவை விட்டுவிட வேண்டாம்

பங்குனி பிறந்துவிட்டால் சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலுள்ள தர்மராஜா கோயில்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களிலும் பாரத உற்சவத்துக்கு ஏற்பாடுகள் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம், தீமிதி. தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே அறிந்த முறை இது. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி கொடுத்து நடத்தும் இந்த விழாவில் எந்தெந்தக் கதையை ஆடுவது என்பதை யார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பது பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டியுள்ளது.

பிரசங்கம் பதினெட்டு நாள் நடந்தாலும், கூத்து பெரும்பாலும் எட்டு அல்லது பத்து இரவுகளே நடக்கும். ஆகவே பாரதம் முழுவதையும் ஆட இயலாது. பொறுக்கித்தான் ஆக வேண்டும். விழாக் கமிட்டியாரும் கூத்து வாத்தியாரும் உட்கார்ந்து பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, கதைகளை முடிவு செய்கிறார்கள். இதில் சில கதைகளைத் தொடவே முடியாது. வில் வளைப்பு இல்லாமல் திரௌபதி கல்யாணம் இல்லை. பகடை துயில் இல்லாவிட்டால் சபதம் இல்லை; சபதம் இல்லாவிட்டால் படுகளத்துக்கே பொருள் இல்லை. மழை வேண்டுவோர் விராட பருவம் கேட்பார்கள். கர்ண மோட்சத்தைக் கருமாதிக்கும் வைப்பதுண்டு. ஆக, ஊரின் தேவையை வைத்துக் கதை கேட்பது நம்மவருக்குப் புதிதன்று.

ஆனால் ஒவ்வொரு இரவுக்கும் ஓர் உபயதாரர் தேவைப்படுகிறார். உபயதாரருக்கோ கூட்டம் சேரும் கதை வேண்டும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது பிள்ளை வரம் வேண்டி முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களுக்காகவே ஊர் திரளும். பகாசுரனுக்குச் சோற்று வண்டி தெருத் தெருவாக வரும். களிமண்ணால் செய்த துரியோதனனைப் பார்க்கப் பக்கத்து ஊரெல்லாம் வரும். இவற்றைக் குறை கூறவில்லை. இவை இல்லாமல் உற்சவமே இல்லை. எனினும் இவையெல்லாம் கண்ணுக்கான காட்சிகள். இரவுகளைக் குறைக்க நேர்ந்தால் கைவைக்கப்படுவது காதுக்கான இரவுகளில்தான். அவற்றில் முதலாவது கிருஷ்ணன் தூது.

தூதில் என்ன இருக்கிறது? பாதி ராஜ்யம் கேட்டு, ஐந்து ஊர் கேட்டு, கடைசியில் ஐந்து வீடாவது கொடு என்று இறங்கி வரும் கண்ணனின் பேச்சு இருக்கிறது. விதுரர் தம் வில்லை முறித்துப் போடுவது அங்கேதான். குந்தி கர்ணனிடம் சென்று, நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடுவதில்லை என்று வரம் பெறுவதும் அந்தத் தூதை ஒட்டியே. இதைக் கழித்துவிட்டுக் கர்ண மோட்சத்தை ஆடினால், அந்த அஸ்திரம் ஏன் மறுமுறை கிளம்பவில்லை என்று கேட்கும் சிறுவனுக்கு யார் பதில் சொல்வது? விதுரர் போர்க்களத்தில் இல்லாததற்குத்தான் காரணம் என்ன?

இதிலே நம் மக்களுக்குத் தனி அக்கறையும் உண்டு. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனுடன் சேர்ந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. நாம் இந்தப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, பள்ளியில் தெலுங்கு எழுதும் பிள்ளைகள் நம்மிடையே அநேகர். வில்லிபுத்தூராரை அவர்கள் புத்தகத்தில் படிக்கப் போவதில்லை. வாதும் எதிர்வாதுமாக ஓர் இரவு முழுவதும் நல்ல தமிழைக் கேட்க அவர்களுக்குள்ள இடம் கூத்துக் களரிதான். மரம் ஏறுவதற்கு மொழி வேண்டாம், தூதுக்கு வேண்டும்.

‘பாதி ஊர் தெலுங்கர், அவர்களும் வரி கொடுக்கிறார்கள், பேச்சாகவே ஓர் இரவு போனால் எழுந்து போய்விடுவார்கள்’ என்று கமிட்டியார் கூறலாம். நியாயமான கவலைதான். ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. அன்று பகல் பிரசங்கத்தில் கதையைத் தெலுங்கிலும் சொல்லிவிடலாம். கட்டியங்காரன் இரண்டு மொழியிலும் பேசினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள் (அவன் வாய்க்காகவே விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு). பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகத்தைப் பார்த்த பிறகே பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தச் சபை பின்னர் தமிழோடு தெலுங்கு நாடகங்களையும் மேடையேற்றியது. ஒரு மேடையில் இரண்டு மொழி இருப்பது இருவருக்கும் நஷ்டமன்று.

உபயதாரர் கிடைக்காத இரவைப் பொதுப் பணத்தில் நடத்துவது நலம். தலைக்கட்டு வரி என்பது ஊருக்கு எது தேவையோ அதற்காகத்தானே? மெல்லிசைக் கச்சேரிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

இதையெல்லாம் பேச வேண்டிய நேரம் வெற்றிலை பாக்கு மாற்றும் நாள்தான். நோட்டீஸ் அச்சான பிறகு வாத்தியாரிடம் முறையிட்டுப் பயனில்லை. கண்ணன் வேஷம் கட்டத் தெரிந்தவரும் அந்தப் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடுகிறவரும் அன்று இரவு வேறு ஏதாவது ஊரில் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.